எனக்குக் காய்ச்சல் இல்லை, வக்கீலே

வக்கீல் மகனுக்கு அம்மா எழுதுவது. கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்கவேண்டும். நீ நலமாக இருப்பது திருமுல்லைவாயில் ஸ்டேஷன் சுவரிலிருந்து ஆவடி மார்க்கெட் சுவர்வரை ஒட்டியிருக்கிற போஸ்டர்களிலேயே தெரிகிறது. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நானும் நலம்தான். அதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. அம்மை போட்டிருக்கவில்லை. வழுக்கி விழவில்லை. மறதியும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். வாசலில் உன் வண்டியும், வண்டிமேல் சாய்ந்துகொண்டு நாலு கரைவேட்டிகளும் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் திட்டக்கூடாது என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ செய்திருப்பது நாலு பேர் முன்னால் திட்டவேண்டிய காரியம்தான். அதனால் இதை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை உனக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை நம் கலங்கல் மேட்டுக் குழாயடியில், நீ திறந்துவைத்ததாக உன் பெயர் வெட்டியிருக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தண்ணீர் பிடிக்கும்போது படிக்கட்டும். தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் மகள் படித்துச் சொல்வாள்.

நீ கேட்டது என்ன என்பதை முதலில் எல்லோருக்கும் தெரிய வைக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை பூந்தமல்லி கோர்ட்டில் நான் கூண்டில் ஏறவேண்டும். ஏறி, "வாய்தா தேதி எனக்குத் தெரியும், என் பிள்ளை சொல்லியிருந்தான், நான்தான் மறந்துவிட்டேன்" என்று சொல்லவேண்டும். அன்று சாயங்காலமே வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு உன் திறந்த ஜீப்பில் உன் பக்கத்தில் நின்று ஊரைப் பார்த்துக் கைகூப்பவேண்டும். நான் அப்படிச் சொன்னால், தள்ளுபடியான நம் கேஸ் தள்ளுபடியானதுதான். கலங்கல் மேட்டில் இருக்கிற அத்தனை வீடும் பிளாட் போட்டு விற்கிறவருக்குப் போய்விடும். நான் உண்மையைச் சொன்னால் கேஸ் மறுபடி உயிர்பிழைக்க வழியிருக்கிறது. ஆனால் உன் கறுப்புக் கோட்டுக்கு ஆபத்து, உன் எம்.எல்.ஏ. சீட்டுக்கும் ஆபத்து. இவ்வளவுதான் விஷயம். இதை என்னிடம் கேட்க உனக்கு எப்படிடா வாய் வந்தது?

நோட்டீஸில் "ஏழைத் தாயின் மகன்" என்று போட்டிருக்கிறாயே, அந்த ஏழைத் தாய் நான்தான். யாராவது அவளைக் கேட்டுப் போட்டீர்களா? திருநின்றவூர்ப் பக்கம் நானும் உன் நைனாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டோம், களை எடுத்தோம். நிலக்காரர் ஒருநாள் வயலுக்குக் குறுக்கே கயிறு பிடித்துப் பிளாட் போட்டார். நட வயல் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உன் நைனா ஒரு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்தார். இருக்க இடம் வேண்டும். ஏரித் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கலுக்கு இந்தப் பக்கம் மேடாகக் கிடந்த புறம்போக்கில், நம்மை மாதிரியே வயல் போன ஏழெட்டுக் குடும்பங்கள் முள்ளை வெட்டிக் குடிசை போட்டிருந்தன. நாமும் போட்டோம். ரோடு இல்லை, விளக்கு இல்லை, மழை வந்தால் ஏரி நம் வீட்டுக்குள் வரும். நீ கால்சட்டையை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடம் போனாய். இதை நீ மேடையில் சொல்லும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்த இடத்தைத்தான் இப்போது விற்றுவிட்டு வந்திருக்கிறாய் என்பதை மட்டும் சொல்வதில்லை.

நீ வக்கீல் ஆன கதையும் உன் நோட்டீஸில் தப்பாக இருக்கிறது. பிறவியிலேயே உனக்கு நீதி தாகமாம். கிடையாது. பட்டறையில் ஸ்டிரைக் முடிந்தபின் உன் நைனாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி பக்கம் ஒரு வக்கீல், இந்தப் பக்கம் உன் நைனா மட்டும். அவர்கள் கேட்டது பாதி புரியவில்லை, புரிந்த பாதிக்கு இவருக்குப் பேச்சு வரவில்லை. வேலை போய்விட்டது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "நம்ம பக்கம் வாயத் தொறக்க ஒரு ஆளு இல்லடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்த பையன். "நான் படிக்கிறேன் நைனா, நான் பேசறேன்" என்று சொன்னாய். அந்த ஒரு வாக்குக்காக அந்த மனிதர் ஆவடி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நானும் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். உனக்குக் கோட்டு தைத்துக்கொண்டு வந்த அன்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுக்கு என்று தன் கையை எடுத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் நீ நல்ல வக்கீலாக இருந்தாய். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். பூந்தமல்லியில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர். கோட்டை மடித்து மஞ்சள் பையில் போட்டு சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு போவாய். ஆடு அடுத்த வீட்டுக் கீரையை மேய்ந்த கேஸ், வேலியை நகர்த்தின கேஸ், குடித்துவிட்டு மண்டையை உடைத்த கேஸ், எதுவானாலும் போனாய். ஃபீஸ் என்று ஏரிக் கெளுத்தி மீனும் முருங்கைக்காயும் வரும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு மர ஸ்டூலைப் போட்டு உட்காருவாய். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய சண்டையெல்லாம் அங்கேயே முடியும். அந்தப் பக்கம் கோர்ட்டும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை, நம் மேட்டை அப்போது எந்த ஊர்க் கணக்கிலும் யாரும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. நீதான் எங்களுக்கு எல்லாமுமாக இருந்தாய். "நம்ம வக்கீலு கீறாரு" என்று ஆளாளுக்குச் சொல்லித் திரிந்தார்கள். நான் கொஞ்சம் கர்வமாகத்தான் நடந்தேன்.

பிறகு பிளாட்காரர் வந்தார். மேடு முழுக்கத் தன்னுடைய பட்டா நிலம் என்றார். ஏரி பக்கத்தில் ரோடு வரப்போகிறது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் தாத்தா சொத்து ஞாபகம் வந்துவிடும் அல்லவா. டிராக்டரில் கல்லை ஏற்றிக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கிய அன்று, நானும் கன்னியம்மாவும் இன்னும் பத்துப் பெண்களும் கல் நடத் தோண்டின குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். நீ கோர்ட் ஆர்டரோடு ஓடி வந்தாய். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மேடுவரை கோட்டோடு ஓடியிருக்கிறாய், வேர்வையில் வெள்ளைச் சட்டை உடம்பில் ஒட்டிக்கிடந்தது. டிராக்டருக்கு முன்னால் கையை விரித்து நின்றாய். "இது கோர்ட் ஸ்டே. இனிமே ஒரு கல்லு மண்ணுல எறங்கினா, எறக்கினவன் ஜெயிலுக்குப் போவான். என் மேல ஏத்திட்டு வேணா போங்கடா" என்றாய். டிராக்டர் திரும்பிப் போனது. கன்னியம்மாவின் புருஷன் தேசிங்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். நான் குழிக்குள்ளிருந்து எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே அழுதேன். அந்தப் பிள்ளையைத் தேடித்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அந்தக் கேஸில் முதல் வாதி நான். "உன் பேரப் போடறேம்மா, ஒரு பொம்பள பேரு மொதல்ல இருந்தா ஜட்ஜு கொஞ்சம் யோசிப்பாரு" என்றாய். என் பெயரும், அதற்குக் கீழே "மற்றும் பலரும்". முதல் வாய்தாவுக்கு நான் எப்படிப் புறப்பட்டேன் என்று நினைவிருக்கிறதா? உன் சித்தி கொடுத்த கத்திரிப்பூ நிறப் புடவை, தலையில் பூ. என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் கன்னியம்மா எனக்குப் பரீட்சை வைத்துக்கொண்டே வந்தாள். கோர்ட் வாசலில் நீ எதிரே ஓடி வந்தாய்.

"யம்மா, இன்னிக்கு உள்ள வராத. உனக்குக் காய்ச்சல்."

"எனக்கா? இன்னாடா சொல்ற, கல்லு மாரி கீறேன்."

"காய்ச்சல்னு சொன்னாதாம்மா வாய்தா குடுப்பாங்க. வாய்தா குடுத்தாதான் ஸ்டே ஓடும். அவங்க கைல பழைய பத்திரம் கீது, நம்ம கைல ஒண்ணும் இல்ல. விசாரண ஆரம்பிச்சா மாட்டிக்குவோம். போய் ஏகாம்பரம் கடையில ஒக்காரு, போ."

ஏகாம்பரத்தின் டீக்கடை கோர்ட் வராண்டாவுக்கு நேர் எதிரே. அங்கே பெஞ்சில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் டவாலி வராண்டாவுக்கு வந்து என் பெயரைக் கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து யாரும் என் முழுப்பெயரை அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. "அடியே", "இந்தா", "தோ பாரு", பாத்திரம் தேய்க்கிற வீட்டில் "ஏம்மா", இப்படித்தான் எனக்குப் பழக்கம். மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் என் வாய் திறந்தேவிட்டது. கன்னியம்மா தொடையில் கிள்ளினாள். உள்ளே நீ எழுந்து, முதல் வாதிக்குக் கடும் காய்ச்சல், படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று சொல்லி வாய்தா வாங்கிக்கொண்டு வந்தாய். எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டோம். பஸ்ஸில் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்துவிட்டது. உன் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. நான் அதை மறைக்கவில்லை, செவ்வாய்க்கிழமை ஜட்ஜ் கேட்டாலும் மறைக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வராத நோய் இல்லை. அம்மை வந்தது, மஞ்சள்காமாலை வந்தது, கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. கோர்ட் குமாஸ்தா உன்னிடம், "இன்னா வக்கீலே, அந்தம்மா இன்னும் கீறாங்களா, போய்ட்டாங்களா?" என்று கேட்டாராம். தெருவில் பொடிசுகள் என்னைக் "காய்ச்சக்கார அக்கா" என்றார்கள். உனக்கும் "வாய்தா வக்கீல்" என்று பெயர் வந்தது. மற்ற வக்கீல்கள் கேலியாகச் சொன்னார்கள். மேட்டில் நாங்கள் அதைப் பெருமையாகச் சொன்னோம். ஏனென்றால் நாங்கள் வாழ்ந்ததே வாய்தாவில்தான். ஒரு வாய்தாவில் கன்னியம்மா மகள் பத்தாவது பாஸ் செய்தாள், இன்னொன்றில் தேசிங்கு கூரையைப் பிரித்து ஓடு போட்டான். கல்யாணம் நிச்சயம் செய்கிறவர்கள் முகூர்த்தம் பார்ப்பதற்கு முன் உன்னிடம் வந்து அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உன் நைனா கண்ணை மூடியபோதும் ஸ்டே ஓடிக்கொண்டிருந்தது. தன் வீட்டில், தன் கட்டிலில் செத்தார். அதற்காக நான் உனக்கு இன்றைக்கும் கடன்பட்டவள்தான்.

உன்னைக் கவுன்சிலர் ஆக்கியதும் அந்த வாய்தாதான். நாங்கள் யாரும் உன் கட்சியைப் பார்த்து ஓட்டுப் போடவில்லை. டிராக்டருக்கு முன்னால் நின்ற ஆளுக்குப் போட்டோம். நீ ஜெயித்த அன்று மேடையில் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நான், "எம் புள்ள கீறான், யாரும் பயப்படாதீங்க" என்றேன். நீ பின்னாலிருந்து குனிந்து, "இருக்கான்னு சொல்லும்மா, பெரியவங்கள்லாம் வந்திருக்காங்க" என்று காதில் சொன்னாய். நான் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தபின்தான் அது உறுத்தியது. பிறகு தெருவிளக்கு வந்தது, குழாய் வந்தது, உன் பெயர் வெட்டின கல் வந்தது. உனக்கும் ஆவடி மெயின் ரோட்டில் மாடி வீடு வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஸ்டூல் மட்டும் காலியாகக் கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் உன் வீட்டு வாசலில், கரைவேட்டிகள் உள்ளே விடும்வரை நின்றார்கள். கன்னியம்மா ஒருநாள் வெயிலில் அப்படி நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "அண்ணாத்த ரொம்ப பிஸி போலகீது" என்றாள். உன்னை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் செத்துப்போய்விட்டது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ வேட்புமனு கொடுக்கப் போன நாள். அதற்கு முந்தின வாரம் மேட்டுக்கே வந்தாய், ரொம்ப நாள் கழித்து. எல்லோரையும் தொட்டிக்குக் கீழே கூட்டினாய். வாய்தா வருதே என்று தேசிங்கு கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன், என் காதால் கேட்டேன். "அன்னிக்கு ஜட்ஜு லீவு அண்ணே, கேஸே கூப்ட மாட்டாங்க. பூந்தமல்லி பக்கம் யாரும் போவாதீங்க. எல்லாரும் எங்கூட வாங்க, நம்ம புள்ளைக்கு நாம போவலன்னா வேற யாரு போவாங்க?" என்றாய். லாரி அனுப்பினாய். மேட்டில் ஒரு நாயைத் தவிர மிச்சம் இல்லை. கிழவர்களைத் தூக்கி ஏற்றினோம், கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டோம். என்னை ஜீப்பில் நிற்கவைத்து மாலை போட்டாய். நீ வாழ்க என்று தொண்டை வறளக் கத்தினோம். அதே வேளையில் பூந்தமல்லியில் டவாலி வராண்டாவுக்கு வந்து என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாதியும் இல்லை, வாதியின் வக்கீலும் இல்லை. தள்ளுபடி. ஸ்டேயும் அதோடு போனது.

எனக்கு யார் சொன்னது தெரியுமா? ஏகாம்பரம்தான். வெள்ளிக்கிழமை பூந்தமல்லி அம்மன் கோயிலுக்குப் போனேன், உனக்கு ஜெயம் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் போனேன். திரும்பும்போது அவன் கடையில் நின்றேன். "இன்னாம்மா, அன்னிக்கு உங்க கேஸ கூப்ட்டாங்களே, ஒருத்தரும் வரல? நான் கடைய உட்டுட்டு எழுந்து ரோடு மொனை வரைக்கும் பாத்துட்டு வந்தேன். உனக்கு நெஜமாவே காய்ச்சலாட்டம் கீதுன்னு நெனச்சேன்" என்றான். ஜட்ஜ் லீவு இல்லையா என்று கேட்டேன். "யாரு சொன்னது? சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்து கேஸு பாத்தாரு" என்றான். டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டேன். திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னல் வழியாக உன் போஸ்டர் வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். போஸ்டரின் கீழ் மூலையில், சின்னதாக, கைகூப்பிக்கொண்டு ஒரு படம். டிராக்டர் அனுப்பின அந்தப் பிளாட்காரர். உன் தேர்தல் செலவைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்து எங்கள் சுவர்களில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். தடுக்க யாரும் ஓடிவரவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. நீ கேஸில் தோற்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரியாது. வாதாடித் தோற்றிருந்தால் உன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பேன். நீ எங்களை லாரியில் ஏற்றி, எங்கள் வாயாலேயே உனக்கு வாழ்க போடவைத்து, அந்தச் சத்தத்தில் எங்கள் பெயர் எங்களுக்குக் கேட்காமல் செய்தாய். வேறு எவனாவது செய்திருந்தால், அவன்மேல் கேஸ் போட உன்னிடம்தான் ஓடி வந்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினதையும் குழாயடிக்குத் தெரியவைக்கிறேன். மேட்டுக்காரர்கள் சேர்ந்து கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி வேறு வக்கீல் வைத்தது உனக்குத் தெரிந்துதான் வந்தாய். "அந்தச் சின்னப் பொண்ணா? அதுக்கு கோட்டே இன்னும் புதுசு" என்று சிரித்தாய். உன் கோட்டு மஞ்சள் பையில் போனதை நான் பார்த்தவள். பிறகு குரலைத் தாழ்த்தினாய்.

"யம்மா, நீ ஒரு வார்த்த சொன்னா போதும். தேதி தெரியும், மறந்துட்டேன்னு சொல்லு. வயசானவங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"சொன்னா ஊடு இன்னா ஆவும்?"

"இந்தக் கேஸு என்னிக்கா இருந்தாலும் தோக்கும்மா. உனக்குப் புரியல. எத்தினி வருஷம் உனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கினே இருக்கறது? நான் எம்.எல்.ஏ. ஆனா எல்லாருக்கும் வேற எடத்துல பட்டா வாங்கித் தரேன். ஆவடிக்கு அந்தாண்ட, முத்தாபுதுப்பேட்டை தாண்டி எடம் பாத்துகினு கீறேன்."

கோபத்தில் உனக்கும் "கீறேன்" வந்துவிட்டது, கவனித்தாயா? நான் கவனித்தேன். ஒரு கணம் என் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்றுகூட நினைத்தேன். "இத்த கன்னியம்மா கிட்டயும் தேசிங்கு கிட்டயும் சொன்னியா?" என்று கேட்டேன். நீ வாசல் பக்கம் பார்த்தாய். "உனக்கு என் ஊட்டு மாடில ரூம் ரெடியா கீது" என்றாய். மற்றவர்களுக்கு என்ன என்று கேட்டேன். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய்.

கேஸ் தோற்கும் என்பது எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? படிக்காதவர்கள்தான், மடையர்கள் இல்லை. எங்கள் கையில் பத்திரம் இல்லை என்று நீயே முதல் நாள் சொன்னாய். என்றைக்காவது ஒருநாள் காலி செய்யவேண்டி வரும் என்று தெரிந்துதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறினோம். ஆனால் அது இந்த மழைக்காலத்தில் வேண்டாம், அடுத்ததில் பார்க்கலாம், கன்னியம்மா மகளுக்கு வேலை கிடைத்தபின் பார்க்கலாம், தேசிங்குக்குக் கண் ஆபரேஷன் முடிந்தபின் பார்க்கலாம் என்று தள்ளினோம். அதற்குள் பிளாட்காரருக்கும் அலுத்துப்போய் ஒரு நியாயமான பேச்சுக்கு வரலாம், அரசாங்கம் மனசு வைக்கலாம், யார் கண்டது? நீ எங்களைக் கேட்டிருக்கலாம். தொட்டிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு, "என்னால இனிமே முடியல, வேற வக்கீல் பாத்துக்குங்க" என்று சொல்லியிருந்தால் உன் காலில் விழுந்தாவது அழுதிருப்போம், ஆனால் உன்னைச் சபித்திருக்கமாட்டோம். இப்போது கன்னியம்மா என் வீட்டுப் பக்கம் பார்ப்பதில்லை. தினமும் ஒரு குடம் எனக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கிறவள், இப்போது தன் குடத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் மகனாக இருந்து நீ இதைச் செய்திருந்தால் நான் அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரி இறைத்திருப்பேன்.

கோர்ட்டில் உண்மையைச் சொன்னால் உன் கோட்டைக் கழற்றிவிடுவார்கள் என்றாய். அந்தக் கோட்டின் விலை எனக்குத் தெரியாதா? அதைத் துவைத்து, நிழலில் காயவைத்து, காலர் நைந்தபோது உள்பக்கம் துணி வைத்துத் தைத்துக் கொடுத்த கை இது. உனக்கு அது போனால் எனக்கும் நெஞ்சு வெடிக்கும். பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை, உன் நைனா மாதிரி பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் சோற்றைப் பிசைந்தது எதற்காக என்று நினைத்துப் பார். தன் பக்கம் வாயைத் திறக்க ஒரு ஆள் இல்லை என்றுதானே? அந்த ஆளாக நீ வந்தாய். வந்து, எங்கள் வாயையும் அடைக்கப் பார்க்கிறாய்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, என்றாலும் சொல்கிறேன். இன்னும் செவ்வாய்க்கிழமை வரவில்லை. அந்தக் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ கோர்ட்டுக்கு வா. கரைவேட்டிகள் வேண்டாம், வண்டியும் வேண்டாம், பஸ்ஸில் வா. என் கேஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீயே எழுந்து, "தேதியை நான்தான் மறைத்தேன், இவர்கள்மேல் தப்பில்லை" என்று சொல்லிவிடு. பெற்ற மகனுக்கு எதிராகக் கூண்டில் ஏறுகிற வேலை எனக்கு மிச்சமாகும். சீட்டு போனால் போகட்டும். கோட்டு போனால், தொட்டிக்குக் கீழே அந்த ஸ்டூல் இன்னும் கிடக்கிறது, கோட்டு இல்லாமலும் அதில் உட்காரலாம். மேட்டுக்காரர்கள் உன்னை உடனே மன்னிப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன், முதல் ஒரு வருஷம் உன் முகத்தில் முழிக்கமாட்டார்கள். ஆனால் நான் உனக்குச் சோறு போடுவேன்.

நீ வராவிட்டால் நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கத்திரிப்பூ நிறப் புடவை இன்னும் இருக்கிறது, எடுத்து மடித்து வைத்துவிட்டேன். காலையில் முதல் பஸ்ஸில் ஏறுவேன். கன்னியம்மா கூட வருவாளோ மாட்டாளோ, தனியாகவே போவேன். ஏகாம்பரம் கடையில் உட்காரமாட்டேன். முந்தானையைத் தலைக்குப் போடமாட்டேன். வராண்டாவிலேயே, டவாலிக்குப் பக்கத்திலேயே நிற்பேன். இத்தனை வருஷமாக அந்த மனிதர் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ஒருமுறைகூட நான் பதில் சொன்னதில்லை. இந்தத் தடவை மூன்று தரம் கூப்பிடுகிற சிரமத்தை அவருக்கு வைக்கப்போவதில்லை. முதல் தரம் கூப்பிட்டதுமே, நீ எந்த மூலையில் நின்றாலும் உன் காதில் விழுகிற மாதிரி சொல்வேன்: "கீறேன்யா. இங்கதான் கீறேன்."

இப்படிக்கு,
உன் அம்மா,
முதல் வாதி.